பொதுச் சுகாதாரம்: கொடையன்று, கடன்

ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்கியதும் நம் நகரங்களில் இரண்டு காட்சிகள் தவறாமல் அரங்கேறுகின்றன. காய்ச்சல் பரவி, அரசு மருத்துவமனையின் தாழ்வாரம் வரை நோயாளிகள் நிரம்புவது ஒன்று. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்குமாறும், வீட்டைச் சுற்றி நீர் தேங்க விடாதிருக்குமாறும், சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுமாறும் மக்களுக்கு அறிவுரை வழங்கிச் செல்வது மற்றொன்று. அறிவுரை போதாதென்று தோன்றினால் அபராதமும் வரும். எவர் வீட்டுத் தொட்டியில் கொசுப்புழு இருந்ததோ அவர் குற்றவாளி ஆகிவிடுவார்.

அறிவுரை தவறென்று நாம் சொல்லவில்லை. காய்ச்சிய நீர் நல்லது, தூய்மை நல்லது. ஆனால் இந்த அறிவுரைக்குப் பின்னால் ஒரு பெரிய சூழ்ச்சி ஒளிந்திருப்பதை நாம் காணத் தவறக்கூடாது. செய்யவேண்டியவர் யார் என்னும் கேள்வியையே அது புரட்டிப் போட்டுவிடுகின்றது.

டெங்குக் காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் முட்டையிடுவது சாக்கடையில் அன்று. குடங்களிலும் பீப்பாய்களிலும் தொட்டிகளிலும் சேமித்து வைக்கப்பட்ட தெளிந்த நீரில். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். சரி, ஓர் ஏழைத்தாய் தன் குடிசையில் பீப்பாய் பீப்பாயாக நீரைச் சேமித்து வைப்பது எதனால்? நாலு நாளைக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோதான் குழாயில் நீர் வருகின்றது என்பதனால். நாள்தோறும் நீர் தந்தால் எவரும் பீப்பாயில் சேமிக்கமாட்டார். நீர் தராதவர் நகராட்சியார். அபராதம் கட்டுபவள் அந்தத் தாய். இந்த நீதியை எந்த நூலில் கண்டார்கள் என்று நாம் வினவுகின்றோம்.

வாந்திபேதியின் கதையும் இத்தகையதே. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே குறுகிய தெருவின் அடியில் அருகருகே ஓடுகின்றன. இரண்டும் பழையன, இரண்டிலும் வெடிப்புகள். குடிநீர்க் குழாயில் எந்நேரமும் நீர் அழுத்தத்துடன் ஓடிக்கொண்டிருந்தால், வெடிப்பின் வழியே உள்ளிருக்கும் நீர் வெளியே கசியுமேயன்றி வெளியிலிருந்து அழுக்கு உள்ளே புகாது. நீரை நிறுத்திவிட்டாலோ குழாய் வெறுமையாகின்றது. சுற்றிலும் ஊறிக்கிடக்கும் சாக்கடை நீரை அது உள்ளே இழுத்துக்கொள்கின்றது. மறுமுறை குழாய் திறக்கப்படும்போது முதலில் வருவது அந்த நீர்தான். அந்தத் தெருவில் குடியிருப்பவர் எவ்வளவு ஒழுக்கமுடையவராயினும், எவ்வளவு தூய்மை பேணுபவராயினும், மண்ணைத் தோண்டிக் குழாயை மாற்ற அவரால் இயலுமா?

தனிமனிதன் தானாகச் செய்துகொள்ள இயலாத இந்தக் காரியங்களின் தொகுதிக்குத்தான் பொதுச் சுகாதாரம் என்று பெயர். நோய் வந்தபின் ஒருவருக்கு மருந்து கொடுப்பது மருத்துவம். ஊருக்கே நோய் வாராமல் காப்பது பொதுச் சுகாதாரம். முன்னதை மருத்துவர் செய்வார். தேவையானால் செல்வர் ஒருவரின் அறக்கட்டளையும் செய்யும். பின்னதைச் செய்யும் ஆற்றல் ஆட்சிக்கு மட்டுமே உண்டு. ஆற்றல் எவரிடம் உள்ளதோ பொறுப்பும் அவரிடமே இருத்தல் வேண்டும். நாம் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது இஃதொன்றே: நல்ல நீரும் ஓடும் வடிகாலும் அள்ளப்படும் குப்பையும் மாநில அரசும் உள்ளாட்சிகளும் மக்களுக்கு இரங்கி வழங்கும் கொடையல்ல, தீர்க்கவேண்டிய கடன்.

சட்டம் என்ன சொல்கின்றது?

இந்தக் கடன் நம் கற்பனையில் பிறந்ததன்று. ஏட்டில் எழுதி ஒப்பமிடப்பட்டது. இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, பொதுச் சுகாதாரத்தையும் துப்புரவையும் மருத்துவமனைகளையும் மாநிலப் பட்டியலில் ஆறாவது இனமாக வைத்துள்ளது. நாற்பத்தேழாம் பிரிவு, மக்களின் ஊட்டத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் மேம்படுத்துவதை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகின்றது. 1992ஆம் ஆண்டின் எழுபத்து நான்காம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகக் குடிநீர் வழங்கலும் பொதுச் சுகாதாரமும் துப்புரவும் கழிவு அகற்றலும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. ஊராட்சிகளுக்குப் பதினோராம் அட்டவணையும் அவ்வாறே.

தமிழ்நாட்டுக்கோ இவையெல்லாம் தோன்றுவதற்கு முன்பே ஒரு சட்டம் வாய்த்தது. இராஜாஜியின் அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத்துறையை ஏற்றிருந்த காலத்தில், 1939ஆம் ஆண்டு, சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொல்லைகளை அகற்றுதல், தொற்றுநோய்த் தடுப்பு, தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவு, விழாக்களும் சந்தைகளும் என அது தொடாத துறை இல்லை. சுகாதாரம் பற்றி முழுமையாக வகுக்கப்பட்ட இத்தகைய சட்டம் அன்று இந்தியாவின் வேறு எம்மாகாணத்திலும் இருந்ததில்லை. அது இன்றும் நடப்பிலுள்ள சட்டமே.

அச்சட்டத்தில் ஒரு விதி உண்டு. நகராட்சி ஒவ்வொன்றும், அரசு மானியம் நீங்கலாகத் தனக்குக் கிடைக்கும் வருவாயில் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாத பங்கைப் பொதுச் சுகாதாரத்துக்கென ஒதுக்கவேண்டும் என்பது அது. இப்படி ஒரு விதி உண்டென்பதை நம் நகர்மன்ற உறுப்பினர்களுள் எத்தனை பேர் அறிவார்கள்? வாக்குக் கேட்டு வாசலுக்கு வந்தவரிடம் அந்த முப்பது என்னவாயிற்று என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இன்னொரு சட்டத்தையும் இதனுடன் ஒப்பு நோக்குதல் நலம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளையர் அரசு அவசர அவசரமாகக் கொண்டுவந்தது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். நான்கே பிரிவுகளைக் கொண்டதாகப் பிறந்த அந்தச் சிறு சட்டம் முழுவதும் பேசுவது அரசின் அதிகாரத்தைப் பற்றி: பயணிகளைச் சோதிக்கலாம், தனிமைப்படுத்தலாம், மீறியோரைத் தண்டிக்கலாம். மக்களுக்கு அரசு என்ன செய்யவேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. 1939ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தோடு கடமையையும் வகுத்தது. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது நாடெங்கும் தூசி தட்டி எடுக்கப்பட்டது முன்னதே என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. அதிகாரம் தரும் சட்டம் ஆட்சியாளருக்கு எளிதில் நினைவுக்கு வருகின்றது. கடமை விதிக்கும் சட்டம் மறந்துபோகின்றது.

மார்க்கம் வகுத்த பொறுப்பு

சுத்தத்தை ஈமானில் பாதியாக வைத்துப் போற்றிய மார்க்கம் நம்முடையது. தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையும், மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் நீர்த்துறையிலும் மலம் கழிப்பதையும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லவேண்டா, அங்கிருப்போர் அதற்கஞ்சி வெளியேறவும் வேண்டா என்று கட்டளையிட்டார்கள். இவை நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுபவை. பேசுவோர் பலரும் இவற்றைத் தனிமனித ஒழுக்கத்தோடு நிறுத்திவிடுகின்றனர். அங்கேதான் நாம் மாறுபடுகின்றோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் செய்தபோது, ஸர்ஃக் என்னுமிடத்தில், அந்நாட்டில் கொள்ளைநோய் பரவிய செய்தி கிட்டியது. கி.பி. 639ஐ ஒட்டி அம்வாஸ் கொள்ளைநோய் சிரியாவைச் சூறையாடிய காலம் அது. பெரியோர்களிடம் ஆலோசனை கலந்தபின் மதீனாவுக்குத் திரும்ப முடிவு செய்தார்கள். படைத்தலைவர் அபூ உபைதா (ரலி) அவர்கள், இறைவன் விதித்ததினின்று ஓடுவதா என்று கேட்டார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்னும் பொருள்பட கலீஃபா விடையளித்தார்கள். வறண்ட சரிவும் வளமான சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் இறைவிதிப்படியே என்பதை உவமையாகவும் காட்டினார்கள்.

கழிவுநீர் கலந்த குழாயைக் கண்டும், 'எல்லாம் நஸீபு' என்று பெருமூச்செறிந்து அமர்ந்துவிடும் நம்மவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இந்நிகழ்ச்சியில் உண்டு. முடிவெடுத்தவர் ஒரு தனிமனிதராக மட்டும் அங்கு நிற்கவில்லை. மக்களின் உயிருக்குப் பொறுப்பேற்ற ஆட்சித் தலைவராக நின்றார்கள்.

பிற்கால இஸ்லாமிய நகரங்களில் 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரி இருந்தார். அங்காடியின் எடையையும் அளவையையும் பார்ப்பதோடு, உணவு விற்போரின் தூய்மை, தெருவின் ஒழுங்கு, குளியலகங்களின் நிலை ஆகியவற்றையும் கண்காணித்தல் அவர் பணி. பதினோராம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்மாவர்தீ ஆட்சி விதிகள் குறித்த தம் நூலில் இப்பதவியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஓர் ஊரின் நீர் வழங்கும் அமைப்பு பழுதுபட்டால், பைத்துல்மாலில் பணமிருக்கும் வரை அதிலிருந்தே அதனைச் செப்பனிட முஹ்தஸிப் ஆணையிட வேண்டும். அது பைத்துல்மாலின் மீதுள்ள கடமை. கருவூலம் வறண்டுபோன நிலையில்தான் அப்பொறுப்பு ஊரிலுள்ள வசதி படைத்தோர் அனைவர் மீதும் விழுகின்றது என்பது அவர் காட்டும் வரிசைமுறை. முதலில் கருவூலம், பின்னரே தனியார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்த வரிசையை இன்று தலைகீழாக்கி வைத்திருக்கின்றோம்.

'பர்ளு கிஃபாயா' என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஊரில் சிலர் நிறைவேற்றினால் அனைவர் பொறுப்பும் நீங்கும். எவருமே நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்குள்ளாகும். ஜனாஸாத் தொழுகை அத்தகையது என்று மதரஸாச் சிறுவனும் சொல்வான். ஜனாஸாக்கள் பெருகாமல் ஊரைக் காப்பதும் அத்தகையதுதான் என்பது நம் கருத்து. அதனை நிறைவேற்றவென்று நாம் வரி கொடுத்து அமர்த்தியிருக்கும் 'சிலர்'தாம் நகராட்சியும் அரசும். அவர்கள் கையிலுள்ள வரிப்பணம் அமானிதம். அவர்கள் செய்யாதிருப்பது குற்றம் என்றால், செய்யுமாறு கேளாதிருப்பது நம் குற்றம்.

'பணமில்லை' என்னும் பல்லவி

இனி, மறுப்போர் கூறுவனவற்றைப் பார்ப்போம். முதற்பல்லவி, நகராட்சியிடம் பணமில்லை என்பது.

மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகரில் ஒரு வார்டு மக்கள், திறந்த சாக்கடையாலும், கழிப்பிடமின்றித் தெருவோரத்தில் மலம் கழிக்கும் நிலையாலும், சாராய ஆலையின் கழிவாலும் பட்ட பாடு தாங்காமல் குற்றவியல் நடுவரிடம் முறையிட்டனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி, பொதுத்தொல்லையை நீக்குமாறு நடுவர் நகராட்சிக்கு ஆணையிட்டார். நகராட்சியோ சாக்கடை கட்டாமல், வழக்குக் கட்டிக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பணமில்லை என்பதே அங்கும் அதன் வாதம். 1980ஆம் ஆண்டு சூலையில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் அந்த வாதத்தைத் தூக்கியெறிந்தார். பொதுச் சுகாதாரத்தைப் பேணுவதற்கென்றே அமைந்த நகராட்சி, நிதி நெருக்கடியைக் காட்டி அக்கடமையிலிருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தார்; கழிப்பிடங்களும் வடிகாலும் அமைக்க ஆணையிட்டார்.

அந்த 133ஆம் பிரிவு இன்று, 2024 சூலை முதல் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவாக உயிரோடிருக்கின்றது. பெயரும் எண்ணும் மாறின. குடிமகனின் உரிமை மாறவில்லை.

பணமில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். சொத்து வரி நீங்கலாக நகராட்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சொந்த வருவாய் குறைவு என்பதும், மாநில அரசின் கையை அது எதிர்நோக்கி நிற்கின்றது என்பதும் நாம் அறியாதவையல்ல. ஆயின் அதற்கு விடை நகராட்சிக்கும் அரசுக்கும் இடையே தீரவேண்டியது. கடன்பட்ட இரண்டு பங்காளிகள் தம்முள் வழக்காடிக்கொண்டிருக்கும்வரை கடன் கொடுத்தவன் பட்டினி கிடக்கவேண்டும் என்பது எந்த ஊர் வழக்கம்?

பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்வதில்தான் என்ன திறமை! சென்னையில் கழிவுநீர், 1978இல் அமைந்த குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. பெருஞ்சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. மழை நாளில் இம்மூன்றும் ஒன்றாய்க் கலந்து வீட்டுக்குள் வரும்போது எவரிடம் முறையிடுவது? நோய் மட்டுமே பங்கு பிரிக்கப்படாமல் முழுமையாக மக்களைச் சேர்கின்றது.

முறையிட ஓர் உறுப்பினராவது இருக்கவேண்டாவா? 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1996இல்தான் தேர்தலைக் கண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அம்மாநகருக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. அது பழங்கதை என்பாரும் உளர். 2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. நகர்ப்புறங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் டெங்கு வந்தது, 2019இன் கொடிய குடிநீர்ப் பஞ்சம் வந்தது, கொரோனா வந்தது; வார்டு உறுப்பினர் மட்டும் இல்லை. பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 சனவரியில் காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே அமர்த்தப்பட்டனர். உள்ளாட்சியை ஊமையாக்கிவிட்டு, மக்களுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லையென்று குறை கூறுவது எவ்வகையிலும் அறமாகாது.

மக்கள் முதலில் திருந்த வேண்டுமாம்

இரண்டாவது பல்லவி இது. நம் மக்கள் அழுக்கில் பழகியவர்கள். அவர்கள் திருந்தாதவரை அரசு என்ன செய்தும் பயனில்லை என்பர், குளிரூட்டிய அறையிலிருந்து பேசும் கனவான்கள்.

அவர்களுக்குச் சூரத்து நகரம் விடை சொல்லும். 1994 செப்டம்பரில், வெள்ளம் வடிந்த பின் அழுகிய குப்பையும் செத்த கால்நடைகளும் குவிந்து கிடந்த அந்நகரில் பிளேக் தோன்றியதாக அறிவிக்கப்பட்டது. சில நாள்களில் பல இலட்சம் பேர் நகரைவிட்டு ஓடினர். இந்தியாவின் பெயர் உலகெங்கும் நாறியது. அடுத்த ஆண்டு எஸ்.ஆர். ராவ் என்னும் ஆணையர் பொறுப்பேற்றார். நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, அந்தந்த மண்டல அதிகாரிக்கு முடிவெடுக்கும் உரிமையை வழங்கினார். அதிகாரிகள் நாள்தோறும் தெருவில் இறங்கவேண்டும் என்றார். இரவிலும் துப்புரவு நடந்தது. விதிமீறிய கட்டடம் செல்வருடையதாயினும் இடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளுக்குள் நாட்டின் மிகத் தூய்மையான நகரங்களுள் ஒன்றென்று சூரத்து பெயர் பெற்றது. நகரம் அதே நகரம். மக்கள் அதே மக்கள். நெசவுத் தொழிலுக்கு வந்த ஏழை வெளியூர்த் தொழிலாளரும் அவர்களே. மாறியது ஒன்றே ஒன்று: நிர்வாகம். நிர்வாகம் திருந்தியபின் மக்கள் தாமே திருந்தினர்.

நியாயமாகச் சொல்வதெனில், தமிழ்நாட்டின் பெருமைகளையும் நாம் மறைக்கவில்லை. மருத்துவத்துறையினின்று பிரிந்த தனி இயக்ககமும், அதற்கென்று பயிற்சி பெற்ற அலுவலர் படையும் பொதுச் சுகாதாரத்துக்குப் பல மாநிலங்களில் இல்லை, இங்கு உண்டு. 1994இல் தோன்றிய மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்குத் தட்டின்றி மருந்து கிடைக்க வழிசெய்து, பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாயிற்று. தாய்சேய் நலத்தில் நம் மாநிலம் பெற்ற வெற்றி சிறியதன்று. இந்த ஆற்றலே நம் கேள்வியைக் கூர்மையாக்குகின்றது. இயலாதவனிடம் கடனைக் கேட்பது கொடுமை. இயன்றவனிடம் கேளாதிருப்பது பேதைமை. மருத்துவமனைக் கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. மண்ணுக்கடியில் மாற்றப்படும் குழாய்க்கு இரண்டும் இல்லை. இதுதான் வேறுபாட்டின் இரகசியம்.

குழியில் இறங்குபவன்

அந்த மண்ணுக்கடியில் இறங்கும் மனிதனை மறந்து பொதுச் சுகாதாரம் பேசுவது வஞ்சகம். மலம் அள்ளும் தொழிலை 1993ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. 2013ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழியில் மனிதனை இறக்குவதையும் தண்டனைக்குரியதாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம், குழியில் மாண்டோரின் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது; இறப்பு நிற்கவில்லை. அந்தக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பது நமக்குத் தலைகுனிவு. இறப்பவர் அனைவரும் ஏறத்தாழ ஒரே சாதியடுக்கினர் என்பதும், ஒப்பந்தக்காரரைக் கைகாட்டி நகராட்சி நழுவிக்கொள்கின்றது என்பதும் அதனினும் பெரிய தலைகுனிவு. மனிதருள் உயர்வு தாழ்வு இல்லையென்று தினம் ஐந்து வேளை ஓரணியில் நின்று காட்டும் சமுதாயம், தன் தெருவின் குழியில் எவன் இறங்குகின்றான் என்று பாராமலிருக்க இயலாது.

நோய்க்கு மதமா?

ஆட்சி தன் கடமையில் தவறும்போது பழியைச் சுமக்க ஒருவர் தேவைப்படுகின்றார். சில வேளை அவர் ஏழை. சில வேளை அவர் வேறு மதத்தார். 2020 மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களில், தில்லியில் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்தைக் காரணம் காட்டி, உலகையே வளைத்த ஒரு நோய்க்கு இந்நாட்டில் மதச்சாயம் பூசப்பட்டது. காய்கறி விற்கும் எளிய முஸ்லிமும் நோய் பரப்புபவனாக ஐயுறப்பட்டான். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. கொள்ளைநோய்க் காலத்தில் அரசுகள் பலிகடாவைத் தேடுகின்றன, இவர்கள் அவ்வாறு ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்று அது கருத்துரைத்தது.

நாம் இதனை ஆறாப் புண்ணைக் கீறுவதற்காக நினைவூட்டவில்லை. எத்தனை பரிசோதனைக் கூடங்கள் இருந்தன, எத்தனை படுக்கைகள் இருந்தன, ஊர் திரும்பிய தொழிலாளருக்கு வழியில் நீராவது கிடைத்ததா என்று கேட்கப்படவேண்டிய வேளையில், எவர் தும்மினார் என்பது கேள்வியாக்கப்பட்டது. பொறுப்பு மறைந்து பழி முன்னே வந்தது. பொதுச் சுகாதாரம் கடமை என்று நிலைநாட்டப்பட்டாலன்றி, அடுத்த நோய்க்கும் ஒரு மதம் கண்டுபிடிக்கப்படும்.

பிறர் நம்மீது சுமத்தும் பொய்ப்பழியை மறுக்கும் நாம், நம்மைச் சேர்ந்தோர் மீதுள்ள மெய்ப்பழியை மறைத்தலும் ஆகாது. பாலாற்றங்கரையில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களில் தோல் தொழிலால் உயர்ந்தவர்கள் நம் செல்வர்கள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது போன்ற நற்பணிகளுக்கு அவ்வூரார் தந்த கொடையை வரலாறு மறவாது. ஆனால் அத்தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததும் வரலாறே. தோல் தொழிற் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயனற்றுப்போனதென்னும் ஆய்வு முடிவு, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இடம்பெற்றது. கெடுத்தவரே இழப்பீடு தரவேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 சனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டி வந்தது.

இங்கும் முதற்கேள்வி ஆட்சியை நோக்கியதே. 1982 முதல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இருக்க, ஆலைகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளாட்சியிடமும் அரசிடமும் இருக்க, கழிவு ஆற்றில் கலந்தது எங்ஙனம்? நோட்டீசு அனுப்புவதோடு கடமை முடிந்துவிடுமா? இரண்டாம் கேள்வி உரிமையாளரை நோக்கியது. உழவனின் கிணற்றைக் கெடுத்துச் சேர்த்த பொருளில் ஒரு பங்கை அதே உழவனுக்கு மருத்துவ முகாமாகத் திருப்பித் தருவது ஸதக்கா ஆகுமா?

தருமம் போதாது

இதுவே நம் சமுதாயத்துக்கு நாம் சொல்லவேண்டியதன் நடுப்பகுதி. நம் ஜமாஅத்துகள் நல்லவை செய்கின்றன. அவசர ஊர்தி வைத்திருக்கின்றன. இரத்ததான முகாம் நடத்துகின்றன. கோடையில் தண்ணீர்ப்பந்தல் அமைக்கின்றன. கொரோனாக் காலத்தில், மதம் பாராமல் பிறர் தொட அஞ்சிய உடல்களை அடக்கம் செய்த நம் இளைஞர்களை நாடே பாராட்டியது. இவற்றுள் ஒன்றையும் நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆயினும், தண்ணீர்ப்பந்தல் வைத்த தெருவில் குழாய் வரவில்லையே என்று எவரும் கேட்பதில்லை. ஊர்தி ஏற்றிச் செல்லும் பிள்ளைக்கு எதனால் பேதி வந்தது என்று எவரும் ஆராய்வதில்லை. கேட்டால் அரசியலாகிவிடும் என்று அஞ்சுகின்றனர். கொடுப்பது புண்ணியம், கேட்பது வம்பு என்று ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. கடனாளி இதனைக் கண்டு உள்ளூர மகிழ்கின்றான். அவன் தீர்க்கவேண்டிய கடனைப் பிறர் தருமமாகத் தீர்த்து வைக்கும்போது, அவனுக்கென்ன கவலை? தருமம் துன்பத்தைத் தணிக்கும்; துன்பத்தின் ஊற்றுக்கண்ணை அடைப்பது உரிமைக்குரல்தான்.

நாம் கேட்பன

நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கவேண்டிய முப்பது விழுக்காட்டின் கணக்கை ஆண்டுதோறும் வார்டு வாரியாக வெளியிடவேண்டும். ஒவ்வொரு நீர்த்தேக்கத் தொட்டியிலும் தெருக்குழாயிலும் எடுத்த நீரின் ஆய்வு முடிவை, மக்கள் கண்ணில் படும் பலகையில் எழுதி வைக்கவேண்டும். குடிநீர் நாள்தோறும் வாராத பகுதியில் கொசுவுக்காக வீட்டாருக்கு அபராதம் விதித்தல் கூடாது. குழியில் மனிதன் இறங்கி மாண்டால் ஒப்பந்தக்காரரோடு பொறுப்பதிகாரியும் வழக்கை எதிர்கொள்ள வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் ஒரு நாளும் தள்ளிப்போதல் ஆகாது. உள்ளாட்சி செய்யத் தவறினால், மாநில அரசு தானே முன்வந்து செய்து முடிக்கவேண்டும். அந்த அதிகாரம் சட்டத்தில் இருப்பது அலங்காரத்துக்கன்று.

மஹல்லா ஜமாஅத்துகளிடமும் நாம் ஒன்று கேட்கின்றோம். திருமணப் பதிவேடு வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளியும் இன்னொரு பதிவேட்டையும் தொடங்கட்டும். எந்தத் தெருவில் எத்தனை நாளுக்கொருமுறை நீர் வந்தது, எந்த வீட்டில் எந்தக் காய்ச்சல், எந்த வடிகால் எப்போது அடைத்தது என்று அதில் எழுதட்டும். மாதந்தோறும் அதன் படியை நகராட்சிக்கு அனுப்பட்டும். விடை வாராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கின்றது. நடுவரின் முன்னே செல்ல 152ஆம் பிரிவு இருக்கின்றது. ஜும்ஆ மேடையில் ஒழுவின் சட்டத்தை விளக்கும் ஆலிம் பெருமக்கள், ஒழுச் செய்யும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதையும் பேசட்டும். இந்தக் குரல் நம் தெருவுக்காக மட்டும் ஒலித்தல் கூடாது. சாக்கடை நீர் சேரித்தெரு, அக்கிரகாரம், பள்ளிவாசல் தெரு என்று பார்த்து ஓடுவதில்லை. நம் பக்கத்துத் தெருவின் குழாயில் அழுக்கு வந்தாலும் நம் பதிவேட்டில் அது ஏறவேண்டும்.

வரி கொடுப்பவர் நாம், வாக்களிப்பவர் நாம், நோய் வந்தால் புதைப்பதும் எரிப்பதும் நம் பிள்ளைகளைத்தான். நாம் கைகட்டி நின்று வேண்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்த கடன். கெடு என்றோ கடந்துவிட்டது. நிமிர்ந்து நின்று கேட்போம்.